மைனஸ் 11 கண்ணுக்கு லென்ஸ் ஆபரேஷன்: எனக்கு நடந்ததும் நான் தெரிந்துகொண்டதும்

கண்புரை ஆபரேஷன் என்றாலே நம் ஊரில் எல்லாரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள். "பத்து நிமிஷ வேலை. காலையில போனா மத்தியானம் வீட்டுக்கு வந்துரலாம்." அதில் பொய் ஒன்றுமில்லை. சாதாரணக் கண் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படித்தான் முடிகிறது. ஆனால் பள்ளிக்கூட வயதிலேயே சோடா புட்டி கண்ணாடி மாட்டிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் வேறு கணக்கு இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு கண்ணும் மைனஸ் 11-ஐ ஒட்டி நின்று பல வருஷம் அசையாமல் இருந்தன. ஐம்பது தாண்டியதும் பவர் மறுபடி ஏற ஆரம்பித்தது. கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு முறையும் புதுப் பவர் போட்டுக் கொடுத்தார்கள். சில மாதத்தில் கரும்பலகையின் கடைசி வரி மறுபடி மங்கியது. இந்த வயதில் மைனஸ் பவர் திடீரென்று கூடினால் கண்ணாடிக் கடைக்குப் போவதைவிட கண் டாக்டரிடம் போவதுதான் சரி. லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பழுக்கும் வகைப் புரையில் முதலில் இப்படித்தான் தெரியும். அதிக மைனஸ் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட சீக்கிரமே வரும்.

ஆபரேஷனுக்கு முன் கண்ணின் நீளத்தை அளந்தார்கள். சாதாரணக் கண் முன்னிருந்து பின்னாக 23, 24 மில்லிமீட்டர் இருக்கும். என்னுடையது 28-ஐத் தொட்டது. மைனஸ் பவர் என்பதே பெரும்பாலும் இந்த நீளம்தான். கண் நீள்கிறபோது உள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கிற, காட்சியைப் பதிவு செய்கிற விழித்திரையும் (ரெட்டினா) பலூனை ஊத ஊத ரப்பர் மெலிவதுபோல இழுபட்டு மெலிகிறது. முன்னால் இருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்தால் பார்வையின் பவர் மாறும். கண்ணின் நீளம் ஒரு துளியும் மாறாது. கண்ணாடி இல்லாமல் நடமாட ஆரம்பித்த பிறகும் அது அதே மைனஸ் 11 கண்தான். விழித்திரை கிழிகிற, பிரிகிற ஆபத்து அப்படியே இருக்கும். ஆபரேஷனால் அது இன்னும் கொஞ்சம் கூடவும் செய்யும். எனக்கு வந்த சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தவை.

அளவெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே வைக்கிற லென்ஸின் பவரை இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். சாதாரணக் கண்ணில் நீளம் 1 மில்லிமீட்டர் தப்பாகப் பதிவானால் பவர் கிட்டத்தட்ட 2.5 தள்ளிப் போகும். எங்கள் மாதிரிக் கண்களின் பின்சுவர் சில இடங்களில் பிதுங்கியிருக்கும். அதனால் கண்ணில் குச்சியை வைத்து அல்ட்ராசவுண்டில் அளந்தால் எந்த இடத்துக்கு அளந்தது என்பதிலேயே குழப்பம் வரலாம். ஒளியை வைத்து அளக்கிற மெஷின் இந்த விஷயத்தில் துல்லியமானது. ஆனால் புரை ரொம்ப முற்றிவிட்டால் அந்த ஒளி உள்ளே போகாது. "நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை மைனஸ்காரர்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம். அது பழைய காலத்து ஆபரேஷனுக்குச் சொன்னது.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுப்பதற்கு முன் அதைப் போடாமல் விட வேண்டும். அது கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றி வைத்திருக்கும். மென்மையான வகை என்றால் ஒரு வாரம் போல, கெட்டியான வகை என்றால் இன்னும் அதிக நாள். எத்தனை நாள் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தத் தூரம் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும் என்ற முடிவு. கவுன்சிலிங் அறையில் உட்கார்ந்திருந்த பெண் எடுத்த எடுப்பில் விலைப் பட்டியலை நீட்டினார். மல்டிஃபோக்கல் என்றால் தூரமும் கிட்டவும் தெரியும், ஒரு வாரத்தில் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். நான் டாக்டரிடம் போய்த்தான் பேசினேன். அந்த வகை லென்ஸ் வருகிற வெளிச்சத்தைப் பல தூரங்களுக்குப் பங்கு போடும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறையும். விழித்திரை ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் கண்ணுக்கு அந்த இழப்பு தேவையா என்பது என் கேள்வி. "உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்று அவரே சொல்லிவிட்டார். விலை அதிகமான லென்ஸ்தான் நல்ல லென்ஸ் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸ் மட்டமான லென்ஸ் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை மைனஸ்காரர்கள் தாங்களே வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் இருப்பது துல்லியமாகத் தெரியும். ஊசியில் நூல் கோர்ப்பது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது, பேப்பர் திருத்துவது எல்லாம் நான் அப்படித்தான் செய்து வந்தேன். தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்துவிட்டால் இந்த வசதி அன்றோடு போய்விடும். படிக்கக் கண்ணாடி வேண்டும். ஆபரேஷன் நன்றாக நடந்தும் வாழ்நாள் முழுக்கப் புலம்புகிறவர்கள் இதில் உண்டு. நான் மைனஸ் 2.5 மிச்சம் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன். படிக்க, சமைக்கக் கண்ணாடி வேண்டாம். தெருவுக்குப் போக மெல்லிய கண்ணாடி ஒன்று. வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம், இவ்வளவு செலவு செய்து மறுபடி கண்ணாடியா என்று. நான் நாள் முழுக்க எதைப் பார்க்கிறேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

உள்ளே வைத்த லென்ஸின் பவர் ஒற்றை இலக்கம்தான். சாதாரணமாக 20, 21 என்று வைப்பார்கள். நீளக் கண்ணுக்குப் பழைய கணக்கு முறைகளைப் போட்டால் பிளஸ் பக்கம் தள்ளிப்போகும் பழக்கம் உண்டு. பிளஸ் பக்கம் போனால் தூரமும் தெரியாது, கிட்டவும் தெரியாது. அதனால் கொஞ்சம் மைனஸ் மிச்சம் வைத்துக் குறிபார்ப்பது பாதுகாப்பும்கூட.

ஆபரேஷனுக்கு முன் கண்பாப்பாவை, அதாவது கண் நடுவில் வெளிச்சம் நுழைகிற கறுப்புத் துளையை, விரிக்க சொட்டு மருந்து விட்டு, விழித்திரையின் ஓரம் வரை அமுக்கிப் பார்த்தார்கள். சுகமான பரிசோதனை இல்லை, ஆனால் இதைச் செய்யாமல் அதிக மைனஸ் கண்ணில் கை வைக்க விடாதீர்கள். ஓரத்தில் மெலிந்த இடமோ ஓட்டையோ இருந்து, தேவை என்று டாக்டர் நினைத்தால் முதலில் லேசர் போட்டுவிட்டுத்தான் புரைக்குப் போவார்கள். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைப்பதில், நீளக் கண்ணுக்கு ஊசி முனை கண் சுவரைக் குத்திவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சொட்டு மருந்திலேயே மரக்க வைக்க முடியுமா என்று கேட்கலாம்.

எனக்குச் சொட்டு மருந்துதான். ஆபரேஷன் டேபிளில் வெளிச்சம், தண்ணீர் ஓடுகிற உணர்வு, நடுவில் ஒரு கணம் கண்ணுக்குள் ஆழமாக ஒரு அழுத்தம், வலி. பயந்துவிட்டேன். அதிக மைனஸ் கண்ணில் திரவம் உள்ளே போகும்போது கண்ணின் முன்பகுதி (முன்னறை) திடீரென்று ஆழமாகி, கருமணி, அதாவது பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம், பின்னால் தள்ளப்படும், அதனால் வரும் வலி அது என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன். வலித்தால் தலையை ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

ஆபரேஷன் நேரத்தில் டாக்டர்கள் பயப்படுவது லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சுவர் கிழிவதைத்தான். கிழிந்தால் பின்னால் இருக்கிற ஜெல்லி முன்னால் வரும், சில நேரம் புரைத் துண்டு பின்னால் விழுந்துவிடும், விழித்திரை டாக்டர் வந்து எடுக்க வேண்டியிருக்கும். அனுபவம் உள்ள கைகளிலும் எப்போதாவது நடக்கிற விஷயம் இது. எனக்கு நடக்கவில்லை.

என் மாமனாருக்கு வேறு மாதிரி. அவர் ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவே இல்லை. மாத்திரைச் சீட்டை நான்தான் நீட்டினேன். இந்த மாத்திரை கருமணியின் தசையைத் துவளச் செய்துவிடுமாம். ஆபரேஷன் நடுவில் பாப்பா சுருங்கும், கருமணி அலைபாயும். 2005-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். முன்கூட்டியே தெரிந்ததால் சின்னக் கொக்கிகளை வைத்துப் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு சுலபமாக முடித்தார்கள். மாத்திரையை நிறுத்தினாலும் இந்தப் பாதிப்பு உடனே போகாது, எப்போதோ சாப்பிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது.

முதல் வாரத்தில் எல்லாரும் பயப்பட வேண்டியது கண்ணுக்குள் கிருமி தொற்றுவதற்கு. அபூர்வம், ஆனால் வந்தால் பார்வையே போய்விடும். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தும் வழக்கம் நம் பக்கம் பரவியதற்கு, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த சுமார் 6 லட்சம் ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒரு முக்கியக் காரணம். 10,000-க்கு 7 என்று இருந்த தொற்று 2 ஆகக் குறைந்ததாக அதில் இருக்கிறது. எவ்வளவு குறைந்தாலும் அந்த இரண்டில் நாம் இருக்கலாம் அல்லவா? மணல் விழுந்ததுபோல உறுத்தல், கொஞ்சம் சிவப்பு, நீர் வடிதல் இவை வழக்கம். நாளுக்கு நாள் குறையும். குறைவதற்குப் பதில் வலி கூடினால், நேற்று தெரிந்த அளவு இன்று தெரியாவிட்டால், இமை வீங்கினால், அன்றே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள் வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தியம், புளி, கத்தரிக்காய் பற்றி ஊரே அறிவுரை சொல்லும். இந்த நம்பரை யாரும் கேட்டு வைக்கச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு முதல் வாரத்தில் வந்தது வேறு தொல்லை. ஆபரேஷன் செய்த கண்ணின் வெளி ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கறுப்பு நிழல். விழித்திரை பிரிந்துவிட்டது என்றே முடிவு கட்டிக்கொண்டு ஓடினேன். விரித்துப் பார்த்தார்கள், விழித்திரை நன்றாகவே இருந்தது. புது லென்ஸின் ஓரத்தில் வெளிச்சம் விழாத இடம் அப்படித் தெரிகிறது, பலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தானாக மறையும் என்றார்கள். மறைந்தது. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இது அந்த நிழலா, இந்த நிழலா என்று நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது. போய்க் காட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை.

இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் உண்மையான அவஸ்தை. ஒரு கண் மைனஸ் 2.5, இன்னொன்று மைனஸ் 11-க்கும் மேல். இரண்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்தால் ஒரு கண்ணில் பெரிதாகவும் மறு கண்ணில் சின்னதாகவும் தெரிந்து தலை சுற்றும். படிக்கட்டில் கால் வைக்கவே பயம். ஆபரேஷன் செய்யாத கண்ணுக்குக் காண்டாக்ட் லென்ஸ் போட்டுச் சமாளித்தேன்; அந்தக் கண்ணுக்கு அளவெடுக்கும் முன் அதையும் நிறுத்த வேண்டியிருந்தது. அதிக மைனஸ் இருந்தால் இரண்டாவது கண்ணை எப்போது செய்வது என்பதை முதல் கண்ணுக்கு முன்னாலேயே முடிவு செய்து, அதற்கேற்றபடி லீவு போடுங்கள். இன்சூரன்ஸிலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலமும் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு.

சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். அதிக மைனஸ் உள்ளவர்கள் சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றும். எனக்கும் ஏறியது, வலி எதுவும் இல்லை, ரிவ்யூவில் அளந்தபோதுதான் தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள், இறங்கியது. கண் நன்றாகத் தெரிகிறதே என்று ரிவ்யூவுக்குப் போகாமல் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் போலத் தெளிவாக இருந்த பார்வை மறுபடி மங்கியது. விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தது. சொட்டு மருந்திலேயே சரியானது, ஆனால் மாதக்கணக்கானது.

ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்து வலது கண்ணில் பனி படிந்த மாதிரி மங்கல். புரை திரும்ப வந்துவிட்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான். புரை திரும்ப வராது. லென்ஸுக்குப் பின்னால் விட்டுவைத்த பையில் செல்கள் வளர்ந்து மங்கச் செய்கின்றன. யாக் லேசரில் நடுவில் ஒரு துளை போட்டால் சரியாகிவிடும். சில நிமிஷ வேலை, வலியில்லை. ஆனால் நீளக் கண்ணில் இந்த லேசருக்குப் பிறகும் விழித்திரையைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி லென்ஸ் ஆபரேஷனுக்குப் பின் சீக்கிரமாகவே விழித்திரையிலிருந்து விலகும். விலகும்போது மெலிந்த இடத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும்.

அதுதான் இடது கண்ணில் நடந்தது. ராத்திரி லைட்டை அணைத்த பிறகு ஓரத்தில் மின்னல் வெட்டியது. மறுநாள் காலை கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதந்தன. பல வருஷமாக ஒன்றிரண்டு பூச்சி பறப்பது எனக்குப் பழக்கம்தான். இது அப்படி இல்லை, மிளகைத் தூவியதுபோல ஒரே சமயத்தில் வந்தது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நேராக மதுரைக்குப் பஸ் ஏறினேன். மேல் ஓரத்தில் கிழிசல், ஆனால் இன்னும் பிரியவில்லை. அன்றே சுற்றி லேசர் போட்டார்கள். பச்சை வெளிச்சம் பளிச்சென்று அடித்துக்கொண்டே இருந்தது, சில இடங்களில் சுருக்கென்று வலித்தது. அது ஒட்டித் தழும்பாக சில வாரம் ஆகும் என்பதால் மறுபடி மறுபடி வரச் சொன்னார்கள். இரண்டு வாரம் பார்க்கலாம் என்று நான் இருந்திருந்தால் ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல மறைத்துக்கொண்டு வந்திருக்கும். அப்புறம் லேசர் போதாது. ஜெல்லியை எடுத்து உள்ளே வாயு நிரப்பி, டாக்டர் சொல்கிற பக்கமாகவே நாள்கணக்கில் தலையை வைத்திருக்க வேண்டிய பெரிய ஆபரேஷன். பாப்பாவை விரித்த பிறகு தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, யாரையாவது கூட்டிப் போங்கள்.

எங்கள் பள்ளியில் முப்பது வயதுத் தம்பி ஒருவர் என் கண்ணாடி மெலிந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கும் மைனஸ் 9 டீச்சர், புரை இல்லாமலே லென்ஸ் மாத்திக்கலாமாமே?" என்று கேட்டார். மாற்ற முடியும்தான். ஆனால் அந்த வயதில் நல்ல லென்ஸை எடுத்தால் கிட்டவும் தூரமும் தானாக மாற்றிப் பார்க்கிற திறன் அன்றே போகும். விழித்திரை பிரியும் ஆபத்து இளம் வயது, ஆண், நீளக் கண் மூன்றும் சேர்ந்தவர்களுக்குத்தான் அதிகம். சொந்த லென்ஸை எடுக்காமலே முன்னால் இன்னொன்று வைக்கிற ஐசிஎல் பற்றிக் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியே போதும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நான் அதைத்தான் சொல்வேன்.

வைத்த லென்ஸின் பவர், மாடல், வரிசை எண் எல்லாம் அச்சிட்ட ஒரு அட்டை கொடுப்பார்கள். பின்னால் எந்தச் சிக்கல் வந்தாலும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். என் மகளுக்கும் என் கண்தான் வந்திருக்கிறது. கல்லூரி முடித்ததும், லேசரால் கருவிழியின் வடிவத்தை மாற்றிக் கண்ணாடிப் பவரைக் குறைக்கிற லாசிக் செய்துகொண்டாள். அவளும் வருஷத்துக்கு ஒரு முறை விரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவள்தான். லாசிக்குக்கு முன் எடுத்த கருவிழி அளவுகளையும் பழைய கண்ணாடிச் சீட்டையும் என் ஃபைலிலேயே சேர்த்து வைத்திருக்கிறேன். லாசிக் செய்த கண்ணுக்கு லென்ஸ் பவர் கணக்கிடுவது கஷ்டம், இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து அவளுக்குப் புரை வரும்போது அந்தக் காகிதம் உதவும்.